மூன்றாவது கார்பரேட்டர்

ரொக்ஸ்பரோ வாடகை வீட்டுக் கராஜில், பழைய ஃபோர்ட் காரின் எஞ்சினில் மூன்றாவது கார்பரேட்டரையும் பூட்டி நிமிர்ந்தான் தவராசா.

"அண்ணை ஆசைப்பட்டமாதிரி மூண்டும் வரிசையாய் நிக்குது. ஒருமாதிரி அவருக்கு விசாவும் கிடைச்சிட்டுது. சனிக்கிழமை மிராபெல் எயார்போட்டிலையிருந்து இதிலைதான் ஏத்திவரப்போறன்."

தேத்தண்ணியோடு நின்ற அண்ணி யோகமலர் காரைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்காச் சரிபாரும் தம்பி. நடுவிலை இருக்கிறது பிந்தித் திறக்குது போலை."

"நேற்றும் இதைத்தான் சொன்னியள். உங்களாலை எல்லாத்தையும் கழட்டி இப்பத்தான் திருப்பிப் பூட்டினன்." சிரித்துக்கொண்டே கம்பியை இழுத்துக் காட்டினான். மூன்றும் ஒன்றாய்த் திறந்து மூடின.

"வேறை கேஸ்கெட் போட்டால் என்ன?"

"எல்லாம் புதுசு அண்ணி. உங்கடை புருசன் வந்து பிழை பிடிக்கமாட்டார், பயப்பிடாதேங்கோ."

முன்சில்லுக்குக் கீழே தேசிக்காயை வைத்துவிட்டு, கார்த் திறப்பை அவளிடம் நீட்டினான்.

"ஏறுங்கோ. முதல் ஸ்டார்ட் ஒரு சுமங்கலி கையாலை நடக்கட்டும்."

அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். "நான் வேண்டாம்."

"அண்ணையின்ரை காருக்கு உங்களை விட்டால் வேறை ஆர்?" திறப்பை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

யோகமலர் ஏறவில்லை. திறப்பை மட்காட்டின் மேல் வைத்தாள். அங்கே கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து, நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

"செவ்வாய்க்கிழமையே கொழும்பிலையிருந்து போன் வந்தது தம்பி" என்றாள். "நீர் இதைப் பூட்டி முடிக்குமட்டும், உமக்கெண்டாலும் அவர் உயிரோடை இருக்கட்டும் எண்டு நினைச்சன்."