சவுக்கின் சொந்தம்

ஓக் மரங்களை அழித்த நோய் பரவாமலிருக்க, அவற்றின் உறவு மரங்கள் அனைத்தையும் வெட்டச் சொல்லிச் சட்டம் வந்திருந்தது. தரங்கம்பாடிக்கு வந்த அதிகாரி, தாவரவியல் ஆசிரியர் தேவசகாயம் இறந்துபோன தன் மகள் மெர்லினின் உடலை உரமாக்கி வளர்த்த சவுக்கு மரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஊசியிலை. பைன் சாதி. விட்டுடலாம்.”

ஆசிரியரின் மனைவி எஸ்தருக்கு உயிர் வந்தது.

தேவசகாயமோ பழக்கத்தில் வாய் திறந்துவிட்டார். “அது இலையில்ல சார், குச்சி! இழுத்தா கணுக்கணுவாக் கழலும், பாருங்க. நிஜ இலை கணுவுல பல்லு மாதிரி ஒட்டியிருக்கும். ஓக்குக்குச் சொந்தம் சார் இது!”

“ஏங்க...” என்று எஸ்தரின் குரல் உடைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“தப்பாச் சொல்லிட்டேன் சார். பைன்தான். எம்புள்ள சார்...”

அதிகாரியின் விரல்களில் குச்சி கணுக்கணுவாகக் கழன்றிருந்தது. “சரியாத்தான் சார் சொன்னீங்க,” என்றவர், தேவசகாயத்தின் முகத்தைப் பார்க்காமல் ரம்பக்காரரைக் கூப்பிட்டார்.