தையல் போட்ட முழங்கால்

"ஆசியாக் கண்டத்துலயே சிறந்த முழங்கால் இதுதான்!" என்று கலியாணசுந்தரம் வேட்டியை மடித்து இடது காலை மேசைமேல் வைத்தான். சிரிக்கவில்லை. காஜா பெராங் தெருக் கோப்பிக்கடையில் இருந்தவர்களும், கருகின சோளத்தைக் கோப்பி என்று குடித்துக்கொண்டிருந்ததால், சிரிக்கும் நிலையில் இல்லை.

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி, முட்டிக்குள்ள கிழிஞ்ச ஜவ்வை வெள்ளைக்கார டாக்டர் தச்சாரு. இப்ப குந்துவேன், குதிப்பேன், புக்கிட் சீனா மேட்டுல ஓடி ஏறுவேன். அதே டாக்டர் அதே வாரம் இன்னொருத்தனுக்கும் தச்சாரு. அவன் இன்னும் இழுத்துக்கிட்டுத் திரியுறான்."

இன்னொருத்தன் அடுத்த மேசையில்தான் இருந்தான். ஷரீஃபுதீன். பந்தாட்டத்தில் இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஒரே பந்துக்குப் பாய்ந்து, ஒன்றாகவே முழங்கால் முறுக்கி விழுந்தவர்கள். யார் யாரைத் தள்ளியது என்ற வழக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

"காலைத் தச்ச டாக்டர், வாய்க்கும் ரெண்டு தையல் போட்டிருக்கலாம்," என்றான் ஷரீஃபுதீன், கடைக்காரர் நல்லையாவைப் பார்த்து.

"கைராசிக்காரர் பேரைக் கெடுக்கப் பொறந்தவன்டா நீ! நொண்டி நடக்கிறதுக்கு நானா இருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பேன்!"

ஆத்திரத்தில் கலியாணசுந்தரம், ஷரீஃபுதீன் கழற்றி வைத்திருந்த மரச்செருப்புகளை எட்டி உதைத்தான். இரண்டும் குப்புற விழுந்தன. இரண்டின் அடியும் ஒரே சீராகத் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. "புதுச் செருப்பு வாங்க வக்கில்ல, பேச்சைப் பாரு."

ஷரீஃபுதீன் சட்டென்று அவற்றை இழுத்து மாட்டிக்கொண்டான்.

அப்போது வாசலில் துப்பாக்கி ஏந்திய ஜப்பானியச் சிப்பாய்களோடு லாரி வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி. அதில் ஏறிப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை என்பது ஊரறிந்த சேதி.

"எல்லாரும் வெளிய வா! குந்தி எந்திரிச்சு நடந்து காட்டு!" என்று ஜப்பானிய அதிகாரி சொன்னதைத் துபாஷி தமிழில் கத்தினான். நல்லையாவின் மச்சான் குந்தி எழுந்தார், லாரியில் ஏற்றினார்கள்.

அடுத்து ஷரீஃபுதீன். பாதி குந்துவதற்குள் சுருண்டு விழுந்தான். முழங்கால் தழும்பின்மேல் அதிகாரி பிரம்பால் ஒன்று வைத்தார். அலறல் கேட்டதும் காறித் துப்பி, 'ஒழிந்து போ' என்று சாலையைக் காட்டினார்.

அடுத்து, ஆசியாக் கண்டத்துச் சிறந்த முழங்கால்.

கலியாணசுந்தரம் முன்னால் வந்தான். லாரியைப் பார்த்தான். மெல்லக் குந்தத் தொடங்கினான். பாதியில், "ஐயோ அம்மா!" என்று சரிந்து, வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினான். அவனுக்கும் ஒரு பிரம்படி, ஒரு துப்பல், அதே சாலை.

யார் முகத்தையும் பார்க்காமல் அவன் நொண்டினான். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள். பயத்தில் கொஞ்ச தூரம் இடது காலை இழுத்தான், கொஞ்ச தூரம் வலதை, மறுபடியும் இடதை. அப்படியே ஷரீஃபுதீனை எட்டிப்பிடித்தான்.

ஷரீஃபுதீன் திரும்பவில்லை; உதடும் அசையவில்லை. பல்லிடுக்கில் சீறினான்:

"காலை மாத்தி மாத்தி நொண்டாதடா, என் சாயமும் சேந்து வெளுத்துடும்!"