ஈரம் காயாத அடிக்கட்டை

தினமும் நண்பகலில் காட்டுக்குள் போய், தரையில் கிடக்கும் சருகில் எத்தனை சதவீதம் ஈரம் என்று கருவியால் அளந்து எழுதுவதுதான் அவள் வேலை. மரங்கள் அடர்ந்து நிழல் தரும் பக்கம் முப்பது இருக்கும். அங்கே தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் அணைந்துவிடும். அவள் அண்ணனின் ஆட்கள் மரம் வெட்டிய பக்கமோ, வெயில் நேரே தரையில் விழுந்து சருகு எட்டுக்கு இறங்கியிருந்தது. ஒரு பொறி போதும்.

ஆனால் அந்த வெட்டவெளியின் நடுவில், நாற்பத்தொன்று என்று எண் எழுதிய அடிக்கட்டையைச் சுற்றி மட்டும் ஈரம் முப்பதைவிட்டு இறங்கவே இல்லை.

“மெஷின் மக்கர் பண்ணுது, வேற என்ன?” என்றான் அண்ணன்.

“மூணு மெஷின் மாத்திட்டேண்ணா.”

“அப்ப உனக்குத்தான் ரிப்பேர்,” என்று சிரித்தான். அந்த மரத்தைச் சாய்த்தவனே அவன்தான்.

மறுவாரம் மதியம், வெட்டிப்போட்ட கிளைகளில் தீப்பிடித்தது. காற்று திரும்பியதில் பாதை அடைபட்டது. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த அடிக்கட்டைக்கு ஓடினாள். இருவரும் அதன்மேல் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். தீ நாலாபக்கமும் சூழ்ந்து வந்தது, பத்தடி தள்ளி நின்றது, புகைந்து அடங்கியது.

“பொழச்சிட்டோம்,” என்றான் அண்ணன்.

அப்போது அவன் தோளில் ஒரு பச்சை இலை விழுந்தது. பிறகு இன்னொன்று.

“மேல என்ன இருக்குன்னு பாரு,” என்றான். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் பார்த்தாள். புகை கலைந்த வெறும் வானம். இலைகள் விழுந்துகொண்டே இருந்தன.