முதல் பேச்சு

உடையார்பாளையத்தில் வெயில் சாய்கிறது. வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் லீலாவதியின் விரல்கள் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கின்றன. "ஏ நொண்டி, உலை கொதிக்குது பாரு," என்று மருமகளுக்குக் குரல் கொடுக்கிறாள். ஜெயசித்ராவுக்குப் பிறவியிலேயே வலது பாதம் மடங்கியிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூளியில் தூங்கிய குழந்தை விழித்துக்கொள்கிறது. இன்னும் பேச்சு வராத பிள்ளை. சேலையை விலக்கி எட்டிப் பார்த்து, அடுப்படிப் பக்கம் கைகளை நீட்டி, எச்சில் வழியச் சிரித்துக்கொண்டே, "நொந்தி" என்கிறது. "யம்மா, புள்ள பேசிருச்சு!" ஜெயசித்ராவின் புருஷன் ஜெயப்பிரகாஷ் துள்ளியெழுந்து செல்போனை நீட்டுகிறான். "இன்னொருக்கா சொல்லு தங்கம்." "நொந்தி… நொந்தி." லீலாவதிக்குச் சிரிப்பில் கண்ணீர் வருகிறது. கறுத்த கையால் துடைக்கவும் முடியவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்தபடி ஜெயசித்ரா நிற்கிறாள். தினமும் பால் கொடுக்கும்போதெல்லாம் குழந்தையின் காதோரம் அவள் சொல்லிக்கொடுத்தது 'அம்மா' என்ற ஒரே சொல்லைத்தான். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குழந்தையின் உதடு பிதுங்குகிறது. அழுவதற்கு முன், ஆசையாக, இன்னொரு முறை கூப்பிடுகிறது. "இந்தா வந்துட்டேன்டி கண்ணு," என்று ஜெயசித்ரா காலை இழுத்துக்கொண்டு போகிறாள்.