கிணற்றுப் பாதைக்கு ஒரு கைநாட்டு

வங்கிகளுக்காகச் சொத்துப் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதும் வக்கீலின் மேசையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. தான் விழாமல் எந்தக் கடனும் கிளம்பாது என்று அதற்கு ஏக மிதப்பு.

அன்று ஒரு மில் கட்டுவதற்கான கடன். ஒப்பீனியன் தயாராக இருந்தும், வக்கீல் பழுப்பேறிய மூலப்பத்திரத்தையே புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ கைநாட்டு! பேர் எழுதத் தெரியாத உனக்காக நான் காத்துக் கிடக்கணுமா?" என்றது முத்திரை.

"எழுதத் தெரியாதுதான் சாமி," என்றது பத்திரத்தின் அடியிலிருந்த பெருவிரல் ரேகை. "நிலத்தை வித்தப்போ, பக்கத்துக் காட்டுக்காரங்க அது வழியா கிணத்துக்குப் போற பாதையை மட்டும் என்னிக்கும் அடைக்கக் கூடாதுன்னு எழுதச் சொன்னேன். அதுக்கடியிலதான் நிக்கிறேன்."

"எத்தனை வருஷமா?"

"எழுபது இருக்கும்."

"பின்னால வந்த பத்திரம் எதுலயும் அது இல்லையே!"

"அவங்க விட்டுட்டாங்க. நான் விடலை."

வக்கீலின் விரல் அந்த வரியில் வந்து நின்றது. ஒப்பீனியனில் 'வில்லங்கம் இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, பாதையை விட்டுத்தான் மில் கட்ட வேண்டும் என்று எழுதினார். பிறகு முத்திரையை எடுத்தார்.

எப்போதும் டமாரென்று விழுகிற முத்திரை, அன்று காகிதத்தைத் தொடவே கூசியது.

"நல்லா அழுத்துங்க சாமி," என்றது ரேகை. "ரொம்ப காலம் நிக்கணும்."