மூன்றாம் பாகத்து மாமா

நூலகப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுபவனை மட்டும் லைப்ரரியம்மா மன்னிக்க மாட்டாள். தாமதமாகத் திருப்பித் தருபவனைத் திட்டிவிட்டு விட்டுவிடுவாள். பக்கத்தின் முனையை மடிப்பவனை ஒரு முறை முறைப்பதோடு சரி. பென்சில் என்றால் கார்டு ரத்து. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அப்படிப்பட்டவள் கைக்குத்தானா அந்த மூன்றாம் பாகம் வந்து சேர வேண்டும்?

பனி கொட்டும் ஸ்காண்டிநேவிய ஊர் ஒன்றில் நடக்கும் துப்பறியும் கதை. தமிழில் மூன்று பாகம். அந்த ஊரில் பாதிப் பேரின் பெயர் 'சன்' என்றுதான் முடியும். எந்த சன் செத்தான், எந்த சன் மீது சந்தேகம் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் முதல் இரண்டு பாகங்களையும் படித்தாள். மூன்றாவதற்குத் தன் நூலகத்திலேயே, தன் கையாலேயே, வரிசையில் தன் பெயரை எழுதிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். நாற்பதாம் பக்கத்தில் 'மாமா' என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே 'சித்தப்பா' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படியே. புரட்டிப் புரட்டி எண்ணினாள். மொத்தம் நாற்பத்து மூன்று இடங்கள்.

கோபம் தலைக்கேறிவிட்டது. கணவர் வெங்காயமும் கத்தியுமாக எட்டிப் பார்த்தார்.

"விடேன். எவனுக்கோ அவன் சித்தப்பா மேல கோவம் போல."

அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அழித்தாள். ஒரு எழுத்து பாக்கி இல்லை.

அதற்குப் பிறகுதான் படிப்பு. கதையில் துப்பறியும் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் ஒரே ஆள் அந்த மாமாதான். பெயர்கூடக் கிடையாது, வெறும் மாமா. பனியில் நனைந்து வருகிறவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பார், கோட்டைக் காயவைப்பார். லைப்ரரியம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசி அத்தியாயம் வந்தது. கொலைகாரன் யார் என்று பார்த்தால், அந்தப் பெண்ணுடைய அப்பாவின் தம்பி.

எந்தத் தம்பி? நானூறு பக்கம் தலையே காட்டாத ஒரு ஆள், கடைசியில் வந்து விலங்கை மாட்டிக்கொண்டு போகிறான். மாமா என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதை. ஐந்து மாதம் காத்திருந்தது இதற்கா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பென்சில் எழுத்து அப்போது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. மாமாவைச் சித்தப்பா ஆக்கிவிட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதும் புரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எழுத்தாளர் குளறுபடி செய்தால் செய்துவிட்டுப் போகிறார், அதைச் சரிசெய்ய இவன் யார்?

வியாழக்கிழமை ஆள் சிக்கினார். ஜன்னலோர மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். தன் முறை வந்து, அன்று காலையில்தான் மூன்றாம் பாகத்தின் இன்னொரு பிரதியை, நூலகத்தில் இருந்த இரண்டாவதை, வாங்கியிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பென்சில், கையில் ஒன்று. லைப்ரரியம்மா சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றாள்.

"இது உங்க வீட்டுப் புத்தகமா?"

அவர் பதறி எழுந்தார்.

"கார்டைக் குடுங்க."

கொடுத்துவிட்டார். வாதாடவில்லை, கெஞ்சவும் இல்லை. "இன்னும் ஒம்போது இடம் பாக்கி இருக்கும்மா. முடிச்சுட்டுப் போயிடட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

எவ்வளவு நெஞ்சழுத்தம்!

"எழுதினவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா? மாமாவைச் சித்தப்பாவா மாத்த நீங்க யாரு சார்?"

அவர் புத்தகத்தின் உள்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். 'தமிழில்' என்று போட்டு ஒரு பெயர். அவள் கையில் இருந்த கார்டிலும் அதே பெயர். மூன்று பாகம், ஆயிரத்துச் சொச்சம் பக்கம் படித்தவள், அந்த வரியை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறாள்.

"எழுதினவர் மேல தப்பே இல்லைம்மா. இங்கிலீஷ்ல வெறும் அங்கிள்னுதான் இருந்துது. நல்ல மனுஷனா இருக்காரேன்னு நான் மாமான்னு போட்டுட்டேன். அப்பா கூடப் பொறந்தவர்னு கடைசி அத்தியாயத்துலதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள முன்னாடி இருக்கறதெல்லாம் அச்சாயிடுச்சு."

அச்சடித்தது ஆயிரம் பிரதி என்றார். மறுபதிப்புக்கு வழியில்லை என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டாராம். படிக்கிறவர்களை ஏமாற்றிவிட்டோமே என்று தூக்கம் வரவில்லையாம். லீவு நாளெல்லாம் பென்சிலோடு நூலகம் நூலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாராம்.

"இதையும் சேத்தா முப்பத்தொரு பிரதி முடிஞ்சுடும்மா."

லைப்ரரியம்மா கார்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். தன் மேஜைக்குப் போய், ஒரு பென்சில் கோடுகூட இல்லாமல் பளிச்சென்று இருந்த முதல் பிரதியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"முப்பதுன்னு வெச்சுக்குங்க."