முப்பதுக்குக் கீழே

“நூத்தி ஐம்பத்தாறு காட்டுதுங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.”

குளியலறைப் பக்கமிருந்து மனைவியின் குரல். கட்டிலில் சாய்ந்திருந்த கணக்கு வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் அவருக்கு இமைகூடக் கனக்கும்.

அந்த எடை மெஷின், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பழசு. பவுண்டு மட்டும்தான் காட்டும். அதைப் பாதியாக்கி, பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். அந்தக் கிலோவை மீட்டர் கணக்கில் அவள் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால், உடம்பு பருமனா இல்லையா என்று சொல்லும் பி.எம்.ஐ. வாத்தியாருக்கு இதெல்லாம் மனக்கணக்கு. அவளோ கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

இருபத்தொன்பது புள்ளி சொச்சம். விடை தலைக்குள் வந்து விழுந்தது.

“முப்பது புள்ளி நாலு” என்றார்.

“இன்னுமா? போன வாரமும் முப்பதுக்கு மேலதானே சொன்னீங்க?”

“நம்பிக்கை இல்லைன்னா போன்ல போட்டுப் பாரு.”

“நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்குங்க போன்?”

பெருமூச்சு விட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டாள். காலையிலிருந்து நாலு வெள்ளரித் துண்டுதான் அவள் வயிற்றில்.

மதியம் வந்திருந்த அக்கா சொன்னது இன்னும் அவர் காதில் இருந்தது.

“புருஷன் படுத்த படுக்கையாக் கிடக்கான். இவளுக்கு இடுப்பு இளைக்கிறது முக்கியமாப் போச்சு! இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்ப யாருக்காகடா தம்பி?”

இந்த அக்காதான், “என் தம்பிக்கு நான் கிட்னி தராம வேற யாரு தருவா?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி முழங்கியவள். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து அவளுக்கு முட்டிவலி. அது வாத்தியாருக்கும் தெரியும். ஆனாலும் அக்கா வாய்வார்த்தைக்காவது சொன்னாள். மனைவி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதுதான் அவருக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

போதாக்குறைக்குப் போன மாதம் சமையலறையில் அவள் போனில் கிசுகிசுத்ததும் காதில் விழுந்து தொலைத்தது.

“முப்பதுக்குக் கீழ வந்ததும் வந்துடறேன் சார். அதுவரைக்கும் அவருக்குத் தெரிய வேண்டாம்.”

யார் அந்த சார்? எங்கே போகப்போகிறாள்? கேட்கப் பயம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதனால்தான் வாத்தியார் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கைத் தப்பாகச் சொன்னார். அவள் முப்பதுக்குக் கீழே இறங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. இவர் இறங்க விடவில்லை. சின்னப்பிள்ளைத்தனம்தான். தனியாகக் கிடக்க நேருமோ என்று பயந்தவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

நடந்துவிட்டு வந்தவள் செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

வாத்தியார் தட்டுத்தடுமாறி எழுந்துபோய், மூடி வைத்திருந்த தட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

“ரெண்டு வாய் சாப்பிடு.”

“வேண்டாங்க. முப்பதுக்குக் கீழ வரட்டும்.”

“வந்தா? எங்கே போறதா உத்தேசம்? யாரு அந்த சார்?” அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

“உங்க டாக்டர்தாங்க. கிட்னி குடுக்கறவங்களுக்கு பி.எம்.ஐ. முப்பதுக்குக் கீழ இருக்கணுமாம். அக்கா வராந்தாவுல பேசிட்டிருந்தாங்களே, அன்னிக்கே நான் உள்ள போய்க் கேட்டுட்டேன். டெஸ்ட் எல்லாம் பொருந்துது. உடம்பைக் குறைச்சிட்டு வாம்மா, உடனே தேதி குறிச்சுடலாம்னாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“அக்கா வரலைன்னு தெரிஞ்சதும் நீங்க ரெண்டு நாள் சரியாவே சாப்பிடலை. என்னாலயும் முடியாமப் போயிட்டா? அதான், இறங்கினப்புறம் சொல்லிக்கலாம்னு...”

வாத்தியார் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். இரண்டு வாரமாக இவளைப் பட்டினி போட்டதும் இவர்தான். வாசல்வரை வந்துவிட்ட தன் உயிரை உள்ளே வரவிடாமல் நிறுத்தியதும் இவர்தான்.

“சாப்பிடும்மா.” தட்டை அவள் பக்கம் தள்ளினார். “நீ முப்பதுக்குக் கீழ வந்து ரெண்டு வாரம் ஆச்சு. நான்தான் கணக்கைத் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சோர்வோடு சிரித்தாள்.

“போங்க. என்னைச் சாப்பிட வைக்க நீங்க என்ன வேணாச் சொல்வீங்க. நீங்களாவது, கணக்கைத் தப்பாச் சொல்றதாவது!”